நவீன நடனமா, சமகால நடனமா: எந்த வகுப்பில் சேர்வது?

நவீன நடனத்திலும் வெறுங்கால்தான், சமகால நடனத்திலும் வெறுங்கால்தான். இரண்டிலும் முதுகு வளையும். இரண்டிலும் தரையில் உட்காருவார்கள், படுப்பார்கள், புரள்வார்கள். பார்வையாளர் இருக்கையிலிருந்து இரண்டையும் பிரித்துச் சொல்வது சிரமம். ஆனால் மாடர்ன் வகுப்பில் சேர்வதா, கன்டெம்பரரி வகுப்பில் சேர்வதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு இந்த ஒற்றுமைகளால் பயனில்லை. உடலை என்ன செய்யச் சொல்கிறார்கள், எந்தத் தசை முதலில் வலிக்கும், ஓராண்டு கழித்து என்ன கைவந்திருக்கும் என்பதில்தான் இரண்டும் விலகுகின்றன.

நவீன நடனம் என்பது சில முறைகளின் தொகுப்பு. ஒவ்வொரு முறைக்கும் அதை உருவாக்கியவரின் பெயர் உண்டு: கிரஹாம் முறை, ஹார்ட்டன் முறை, லிமோன் முறை, கன்னிங்ஹாம் முறை. பயிற்சி வரிசை, அசைவுகளின் பெயர்கள், எது சரி எது தவறு என்ற அளவுகோல் எல்லாம் வகுத்து வைக்கப்பட்டவை. சமகால நடனத்துக்கு அப்படி ஒரு பொதுப் பாடத்திட்டம் கிடையாது. நவீன முறைகள், பாலே, தற்காப்புக் கலைகள், யோகா, தெரு நடனம் என எங்கிருந்தும் எடுத்து, அந்தந்தப் படைப்புக்கு வேண்டிய அசைவைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைமுறை அது. எனவே நவீன நடன வகுப்பைப் பற்றி விசாரிக்கும்போது "எந்த முறை?" என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். சமகால வகுப்பு என்றால் "ஆசிரியர் யாரிடம், எதைப் பயின்றவர்?" என்று கேட்டாக வேண்டும்.

நவீன நடனம் பாலேக்கு எதிரான கலகமாகத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசடோரா டங்கன் பாலே காலணியையும் இறுக்கமான கச்சையையும் உதறிவிட்டு ஆடினார். ரூத் செயின்ட் டெனிஸும் டெட் ஷானும் 1915இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டெனிஷான் பள்ளியில் பயின்ற மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி, சார்லஸ் வைட்மன் ஆகியோர் பின்னர் அங்கிருந்து விலகித் தத்தம் வழியில் போனார்கள். கிரஹாம் 1926இல் நியூயார்க்கில் தன் குழுவைத் தொடங்கினார். அதே காலத்தில் ஜெர்மனியில் மேரி விக்மன் தனக்கென ஒரு வழி கண்டிருந்தார். பாலே உடலை மேல்நோக்கி இழுத்து, எடையே இல்லாததுபோல் காட்டியது. இவர்கள் எடையை மறைக்காமல் ஆடினார்கள். கிரஹாமின் 1930ஆம் ஆண்டுத் தனி நடனமான 'லாமன்டேஷன்' இதற்கு நல்ல சான்று. ஆடுபவர் குழாய் போன்ற ஒரு துணிக்குள் இருந்துகொண்டு, இருக்கையை விட்டுப் பெரும்பாலும் எழாமலேயே, துணியை உள்ளிருந்து இழுத்தும் தள்ளியும் துயரத்தைக் காட்டுகிறார்.

சமகால நடனத்துக்கு இப்படி ஒரு தொடக்கப் புள்ளி வைக்க முடியாது. கிரஹாமின் குழுவில் 1939 முதல் 1945 வரை ஆடிய மெர்ஸ் கன்னிங்ஹாம் 1953இல் சொந்தக் குழுவை அமைத்தார். இசையமைப்பாளர் ஜான் கேஜுடன் சேர்ந்து, இசையும் நடனமும் தனித்தனியே உருவாகி மேடையில் மட்டும் சந்திக்கும் வழியைக் கொண்டுவந்தார். அசைவுகளின் வரிசையை நாணயம் சுண்டித் தீர்மானித்ததும் உண்டு. 1962இல் நியூயார்க்கின் ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில் கூடிய கலைஞர்கள், நடப்பது, ஓடுவது, சுமப்பது போன்ற அன்றாட அசைவுகளையே மேடையேற்றினார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972இல், உடல் தொட்டு எடையைப் பகிர்ந்து தன்னிச்சையாக ஆடும் காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷனைத் தொடங்கினார். ஜெர்மனியில் பினா பாவுஷ் 1973இல் வுப்பர்டால் நகர நடனக் குழுவின் பொறுப்பை ஏற்றார். ஆடுபவர்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் சொல்லாலும் உடலாலும் தந்த பதில்களிலிருந்து காட்சிகளைக் கட்டும் வழி அவர் கையில் வளர்ந்தது. இன்று கன்டெம்பரரி என்று சொல்வது இவையெல்லாம் கலந்தது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் லண்டனில் ராபின் ஹோவர்ட் தொடங்கிய பள்ளியும் குழுவும் கிரஹாம் முறையையே அடித்தளமாகக் கொண்டிருந்தன; ஆனால் பெயரில் 'கன்டெம்பரரி' என்றே இருந்தது. அந்த மரபில் வந்த ஆசிரியர் இன்றும் 'கன்டெம்பரரி' என்ற பலகையின் கீழ் கிரஹாம் கற்பிக்கலாம். பலகையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, வகுப்பின் முதல் அரை மணி நேரத்தைப் பார்க்க வேண்டும்.

நவீன வகுப்பில் என்ன நடக்கும்

வரிசை நிலையானது. இன்று செய்த பயிற்சி நாளையும் வரும், அடுத்த மாதமும் வரும். வேகமும் கடினமும் மட்டும் ஏறும். எண்ணிக்கை தெளிவாக இருக்கும். பியானோ கலைஞரோ தாளக் கலைஞரோ வகுப்பிலேயே வாசிப்பது இந்த மரபின் வழக்கம். ஆசிரியர் திருத்துவது வடிவத்தை: இடுப்பு எங்கே, தோள் எங்கே, கோணம் எவ்வளவு.

கிரஹாம் வகுப்பு தரையில் உட்கார்ந்து தொடங்கும், நேரத்தில் பெரும்பகுதி அங்கேயே போகும். பிறகு நின்று செய்பவை, கடைசியில் அறையின் குறுக்கே நகர்பவை. இதன் உயிர் காண்ட்ராக்ஷன், ரிலீஸ் என்ற இணை. மூச்சை வெளியே விடும்போது அடிவயிறு உள்ளே குழிகிறது. இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்கிறது. அந்த அசைவு முதுகெலும்பில் கணுக்கணுவாக ஏறி, முதுகு நீண்ட வளைவாகிறது. தோள்கள் இடுப்புக்கு நேர் மேலேயே இருக்க வேண்டும். மூச்சு உள்ளே வரும்போது இடுப்பிலிருந்தே மறுபடி நிமிர்வது ரிலீஸ்.

புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். தோள் முன்னே வருகிறது, மார்பு உள்வாங்குகிறது, முகவாய் தொங்குகிறது, இடுப்பு அசையவே இல்லை. கூன் போட்டு உட்கார்ந்து பழகிய உடலுக்கு அந்த வழிதான் தெரியும், அடிவயிற்றுத் தசைக்கு வேலை கொடுத்துப் பழக்கமில்லை. ஒரு கையை அடிவயிற்றிலும் மற்றதை முதுகின் அடியில் திருவெலும்பிலும் வைத்துக்கொண்டு, தோளையும் தலையையும் அசைக்காமல் இடுப்பை மட்டும் 8 எண்ணிக்கையில் சாய்த்து, 8 எண்ணிக்கையில் மீட்க வேண்டும். இது சரியாக வந்தபிறகே 4, 2, 1 என்று எண்ணிக்கையைக் குறைப்பது. சரியான காண்ட்ராக்ஷனில் உயரம் அதிகம் குறையாது. உட்கார்ந்தவர் குள்ளமாகிவிட்டால் அது வெறும் சரிவு.

இன்னொரு இடர், உட்கார்ந்து செய்யும் நான்காம் நிலை. ஒரு கால் முன்னே மடிந்தும் மற்றது பின்னே மடிந்தும் இருக்க, முதுகு சுழன்று எழும்பும். இடுப்பு மூட்டு போதிய அளவு திரும்பாதவருக்கு அந்தத் திருகல் முழங்காலில் போய் விழும். முன்காலின் பக்கத்து இடுப்புக்கு அடியில் மடித்த கம்பளி ஒன்றை வைத்து உயர்த்திக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். முழங்காலின் உட்புறத்தில் கூர்மையான வலி வந்தால் அந்தப் பயிற்சியை அன்றைக்கு விட்டுவிடுவதே சரி. தொடைத் தசையின் இழுப்பைத் தாங்கிக்கொள்ளலாம், மூட்டு வலியைத் தாங்கிக்கொள்ளக் கூடாது.

ஹார்ட்டன் முறையை லெஸ்டர் ஹார்ட்டன் லாஸ் ஏஞ்சலஸில் உருவாக்கினார். அவரிடம் பயின்ற ஆல்வின் எய்லி 1958இல் தொடங்கிய குழுவால் அது உலகெங்கும் போனது. இது பெரும்பாலும் நின்று தொடங்கும். கால்களையும் முதுகையும் இதைப்போல் வலுப்படுத்தும் நவீன முறை வேறில்லை என்பது என் கருத்து. ஃப்ளாட் பேக் என்ற அடிப்படைப் பயிற்சியில் இடுப்பு மூட்டிலிருந்து மேலுடல் முன்னே மடிந்து, தரைக்கு இணையாக, மேசைப்பலகை போல் நிற்கும். தொடையின் பின்தசை இறுக்கமாக உள்ளவருக்கு கீழ்முதுகு உருண்டுவிடும். அப்போது முழங்காலைச் சற்று மடக்கி முதுகை நேராக்க வேண்டும். காலை நீட்டி முதுகை வளைத்தால் பயிற்சியின் பயனே போய்விடும். ஹிஞ்ச் என்பதில் முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாகப் பின்னே சாய்வார்கள். முன்தொடை பலமில்லாமல் ஆழமாகப் போனால் முழங்கால் சில்லு அழுத்தப்படும். முதல் சில மாதங்களுக்குக் கொஞ்சம் சாய்ந்தால் போதும்.

லிமோன் முறை மென்மையானது. ஹம்ஃப்ரியின் விழுதல், மீளுதல் என்ற கருத்திலிருந்து வந்தது. அவருடைய மாணவர் ஹோஸே லிமோன் 1946இல் குழு தொடங்கி வளர்த்தார். கையை உயர்த்தி, எடையோடு விழவிட்டு, அந்த விசையிலேயே மறுபடி எழவிட்டு, உச்சியில் ஒரு கணம் தொங்கவிட வேண்டும். கையைத் தசையால் தூக்கிக்கொண்டே போனால் ஊசலாட்டம் செத்துவிடும். பின்னால் சமகால வகுப்புக்குப் போக நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாலம் கிடையாது.

கன்னிங்ஹாம் முறையில் கால்கள் பாலே போலத் துல்லியமாகவும் விரைவாகவும் வேலை செய்யும். முதுகு தனியே வளைவு, பின்வளைவு, சாய்வு, திருகல் என்று மாறிக்கொண்டிருக்கும். பாலே பயின்றவருக்கு இது பொருந்தும், முழுப் புதியவருக்கு அவசரம்.

சமகால வகுப்பில் என்ன நடக்கும்

பெரும்பாலும் தரையில் படுத்துத் தொடங்குவார்கள். கண்ணை மூடி, எந்த இடம் தரையைத் தொடுகிறது, எந்த இடம் இறுகியிருக்கிறது என்று கவனிக்கச் சொல்வார்கள். பிறகு புரளுதல், சுழன்று எழுதல், கை கால்களை எதிரெதிர்த் திசையில் நீட்டுதல். பின்பாதியில் ஒரு நீண்ட அசைவுத் தொடர் அல்லது தன்னிச்சையாக ஆடும் பணி ஒன்று. அடுத்த வாரம் வேறு ஆசிரியர் வந்தால் எல்லாமே மாறிவிடும்.

ரிலீஸ் டெக்னிக் என்பது இங்கே அதிகம் கேட்கும் பெயர். கிரஹாமின் ரிலீஸோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே ரிலீஸில் முதுகு ஆற்றலோடு நிமிரும். இங்கே தேவையற்ற தசை இறுக்கத்தை விட்டுவிட்டு, எலும்புகளின் அடுக்கையும் எடையையும் நம்பி அசைவார்கள். முழுவதும் தளர்ந்து துவண்டுவிடுவது புதியவர் செய்யும் பிழை. காலை உயர்த்த வேண்டிய தசை உழைக்கத்தான் வேண்டும். சும்மா இருக்க வேண்டியவை கழுத்து, தாடை, தோள்.

சமகால வகுப்பின் ஆகச்சிறந்த கொடை தரை வேலை, அதாவது ஃப்ளோர்வொர்க். அடிபடுவதும் இங்கேதான் அதிகம், அதனால் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நின்ற நிலையிலிருந்து தரைக்குப் போகும் அடிப்படை வழி இது. ஒரு காலைப் பின்னே குறுக்காக வைத்து, இரண்டு முழங்கால்களையும் மடக்கி, முதலில் இடுப்பைத் தாழ்த்த வேண்டும். இடுப்பு குதிகால் அருகே வந்தபிறகு கெண்டைக்காலின் வெளிப்புறம், அடுத்து தொடையின் வெளிப்புறம், அடுத்து இடுப்பின் சதைப் பகுதி தரையைத் தொடும். கை தரையை ஊன்றாமல் வெளிநோக்கி வழுக்கிக்கொண்டே போகும், முழங்கை மடிந்திருக்கும். கீழ்நோக்கிய விழுகை இப்படிப் பக்கவாட்டு நகர்வாக மாறிவிடும். எழும்போது புரளும் விசையைப் பயன்படுத்தி, காலாலும் கையாலும் தரையைத் தள்ளி அதே வழியில் மேலே வர வேண்டும்.

குந்திய நிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 5 அல்லது 6 முறை பழகியபிறகு நின்ற நிலையிலிருந்து 8 எண்ணிக்கையில் செய்யலாம், பிறகு 4. வேகம் கடைசியில் வர வேண்டியது. 'தொப்' என்று சத்தம் கேட்டால் வரிசை தவறிவிட்டது என்று பொருள். இடுப்பு உயரத்திலேயே இருக்க, முழங்கால் முதலில் போய் மோதியிருக்கும். மணிக்கட்டு வலித்தால் கையை நேராக நீட்டி ஊன்றியிருப்பார். பின்னோக்கிப் புரளும்போது கழுத்தின் மேலாகப் போகாமல் ஒரு தோளின் மேலாகப் போக வேண்டும், தலை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

அடியில் சற்று இடைவெளிவிட்டு அமைத்த, மிதித்தால் லேசாக விட்டுக்கொடுக்கும் மரத்தளம் இதற்கு அவசியம். கான்கிரீட்டின் மேல் ஓடு பதித்த தளத்தில் தரை வேலையும் குதிப்பதும் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் யார் கற்பித்தாலும் சேர வேண்டாம் என்பேன். முழங்காலை மூடும் கால்சட்டை, நீண்ட கை உள்ள மேல்சட்டை, மெல்லிய முழங்கால் உறை இருந்தால் தோல் உரிவது குறையும். காலுறை வழுக்கிச் சுழல உதவும், ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் ஆபத்து.

காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷனில் இருவர் உடல் தொடும் புள்ளி உருண்டுகொண்டே இடம் மாறும், எடை அதன் வழியே கைமாறும். கையால் பிடித்து இழுப்பதைத் தவிர்க்கச் சொல்வார்கள், ஏனென்றால் பிடிபட்டவரால் விழும் திசையை மாற்றிக்கொள்ள முடியாது. நாலுகாலில் நிற்பவர் மேல் எடை வைக்கும்போது இடுப்புக்கு மேலேயோ தோளுக்கு மேலேயோ வைக்க வேண்டும், முதுகின் நடுவில் கூடாது. எந்தக் கணத்திலும் எவரும் விலகலாம் என்பதை முதல் நாளே சொல்லாத ஆசிரியரிடம் இதைக் கற்கக் கூடாது.

ஒஹாத் நஹரின் உருவாக்கிய காகா இன்னொரு வகை. கண்ணாடி கிடையாது, நடுவில் நிறுத்துவது கிடையாது, ஆசிரியர் சொல்லும் உணர்வுகளைக் கேட்டபடி ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நடனமே அறியாதவர்களுக்கும் தனி வகுப்புகள் நடக்கின்றன.

யாருக்கு எது

வாரம் ஒரு நாள்தான் முடியும், இதற்குமுன் எதுவும் பயின்றதில்லை என்றால் லிமோன் அல்லது ஹார்ட்டன் நல்லது. காரணம் எளியது: திரும்பத் திரும்ப வரும் பயிற்சியில்தான் வாரம் ஒருமுறை வருபவரால் முன்னேற்றத்தைக் காண முடியும். ஒவ்வொரு வாரமும் புதிய தொடர் வரும் சமகால வகுப்பில் அவர் அசைவை நினைவில் வைப்பதிலேயே களைத்துப்போவார். வாரம் மூன்று நாள் வர முடிந்தால் இரண்டு நாள் ஒரே நவீன முறை, ஒரு நாள் தரை வேலை என்று பிரிக்கலாம். ஒரே ஆண்டில் நான்கு முறைகளையும் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

பாலேயோ, முதுகை நிமிர்த்தியே ஆடும் வேறு செவ்வியல் நடனமோ நெடுநாள் பயின்றவருக்கு என் பரிந்துரை வேறு. அவருக்கு ஒழுங்கும் தாளமும் ஏற்கெனவே உண்டு, குறைவது எடையை விட்டுக்கொடுக்கும் பழக்கம். அவர் நேராக ரிலீஸ் அல்லது தரை வேலை வகுப்புக்குப் போகலாம். சில மாதங்களுக்கு எல்லாமே அலங்கோலமாகத் தோன்றும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதுகின் வலிமையையும் உணர்ச்சி வெளிப்பாட்டையும் தேடுபவராக இருந்தால் கிரஹாம்.

நடன அமைப்பாளராக விரும்புபவருக்கு சமகாலப் பயிற்சி தவிர்க்க முடியாதது. பணியைக் கொடுத்து அசைவைத் தேடுவது, தேடியதைத் தொகுப்பது, வேண்டாததை வெட்டுவது ஆகியவை அங்கேதான் கற்பிக்கப்படுகின்றன. குழுத் தேர்வுக்குப் போகிறவருக்கு இரண்டும் வேண்டும். சமகாலக் குழுக்களின் தேர்வில் ஒரு வகுப்பு, ஒரு அசைவுத் தொடர், பிறகு தன்னிச்சையாக ஆடும் பணி என்று வருவது வழக்கம். நுட்பம் நன்றாக இருந்தும் மூன்றாவதில் உறைந்து நிற்பவர்கள் பலர். ஒரே வகையான ஆட்டத்தை நீட்டாமல், வேகத்தையும் உயரத்தையும் திசையையும் மாற்றிப் பழகியவரே அங்கே தெரிவார்.

முதுகெலும்புத் தட்டுக் கோளாறு உள்ளவர் கிரஹாமின் வளைவுகளை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. முழங்கால் சிக்கல் உள்ளவருக்கு ஹிஞ்சும் உட்கார்ந்த நான்காம் நிலையும் வேண்டாம்; மணிக்கட்டு பலவீனமானவருக்கு கையூன்றும் தரை வேலை வேண்டாம்.

தொலைக்காட்சிப் போட்டிகளில் கன்டெம்பரரி என்று வருவது பெரும்பாலும் பாலே, ஜாஸ் கலவை: உயர்ந்த கால்கள், பல சுழற்சிகள், பாடல் வரிக்கேற்ற உணர்ச்சி. அழகானதுதான். அதை விரும்பிச் சேர்பவர் ரிலீஸ் வகுப்பில் ஏமாந்துபோவார், அவருக்கு பாலே அடிப்படையும் ஜாஸும் உள்ள பள்ளியே பொருத்தம்.

சேர்வதற்குமுன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் விழுவதைப் படிப்படியாகக் கற்பிக்கிறாரா, செய்து காட்டிவிட்டுப் பின்பற்றச் சொல்கிறாரா? திருத்தும்போது காரணம் சொல்கிறாரா? உடலைச் சூடேற்றும் பயிற்சிக்கு எவ்வளவு நேரம்? ஒன்றரை மணி நேர வகுப்பில் 20 நிமிடமாவது இல்லையென்றால், அங்கே மேடைத் தொடரைத்தான் விற்கிறார்கள்.

ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது வரும் சிக்கலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். நவீனத்திலிருந்து சமகாலத்துக்கு வருபவர் ஒவ்வொரு வடிவத்திலும் ஒரு கணம் நின்று காட்டுவார், தொடர் துண்டுதுண்டாக உடையும். இசையை நிறுத்திவிட்டு மூச்சின் நீளத்துக்கு ஆடச் சொன்னால் இது கரையும். சமகாலத்திலிருந்து நவீனத்துக்கு வருபவருக்கு நேர்மாறு: எல்லாம் வழிந்து ஓடும், எண்ணிக்கையின் முதல் தட்டில் எதுவும் போய் நிற்காது. அவர் ஹார்ட்டனின் ஃப்ளாட் பேக்கை 4 எண்ணிக்கையில் போய், 4 எண்ணிக்கை அசையாமல் நின்று, 4 எண்ணிக்கையில் திரும்பும் பயிற்சியிலிருந்து தொடங்கலாம்.